மணிக்கு 60 டாலர், மணிக்கு 1,295 டாலர்

கலிஃபோர்னியாவில் கொரோனா என்றொரு நகரம் இருக்கிறது. 1983இல் அங்கே வயது வந்தோருக்கான புத்தகங்கள் விற்கும் கடை ஒன்று திறந்தது. நகரமன்றத்துக்கு அது பிடிக்கவில்லை. கடையை மூடவைப்பதற்காக மன்றம் அவசரமாக நிறைவேற்றிய விதிகள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் செல்லாமல் போயின. பிறகு அந்தக் கடையைப் பொதுத்தொல்லை என்று அறிவித்த மன்றம், வழக்கு நடத்த ஜேம்ஸ் கிளான்சி என்ற வழக்கறிஞரை வெளியிலிருந்து அமர்த்தியது. அவருக்கு மணிக்கு 60 டாலர் கட்டணம். வழக்கில் நகரம் தோற்றால் 30 டாலர்தான்.

1985இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, கிளான்சியை வழக்கிலிருந்து விலக்கியது. தனியார் இருவர் மோதும் வழக்கில் வென்றால் இவ்வளவு, தோற்றால் இவ்வளவு என்று வக்கீல் பேசிக்கொள்ளலாம். ஆனால் அரசின் பெயரால் ஒரு குடிமகன்மேல் பாய்கிறவருக்கு வெற்றியில் பணலாபம் இருந்தால், எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது சமரசம் செய்வது என்ற நிதானம் அவரிடம் எப்படி இருக்கும்? நீதிமன்றத்தின் கவலை அதுதான். 30 டாலர் வித்தியாசத்துக்காக ஒரு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இவ்வளவு கவலைப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதம், அதே மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரமன்றம் கிப்சன் டன் என்ற பெரும் சட்ட நிறுவனத்தை அமர்த்த ஒப்புதல் தந்தது. அதன் வழக்கறிஞர்கள் 15 பேர், ஆளுக்கு மணிக்கு 1,295 டாலர் என்று பில் போட்டார்கள். கொரோனாவின் 60 டாலரை இன்றைய விலைவாசிக்கு மாற்றினால் ஏறத்தாழ 180 டாலர் வரும். மீதமுள்ள ஆயிரத்துச் சொச்சத்துக்கு விலைவாசியைக் காரணம் சொல்ல முடியாது.

நகரங்கள் வெளியாளை நாடியது நேற்று இன்று வந்த பழக்கமல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க நகரங்கள் ரயில் பாதையைத் தங்கள் ஊருக்கு இழுப்பதற்காகக் கடன் பத்திரங்களை அள்ளி விற்றன. ரயில் நிறுவனங்கள் நொடித்தபோது பல நகரங்கள் தந்திரமாக ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டன. இந்தப் பத்திரத்தை வெளியிட எங்களுக்குச் சட்டப்படி அதிகாரமே இருந்ததில்லை, ஆகவே திருப்பித் தர வேண்டியதில்லை என்றன. அயோவா மாநிலத்து டபியூக் நகரத்தின் வழக்கு 1864இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், பத்திரம் வாங்கியவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனாலும் கிழக்குக் கடற்கரையில் பணம் போடுகிறவர்களுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. நகரத்தின் சொந்த வழக்கறிஞர் சொல்லை மட்டும் நம்பிக் காசு கொடுக்கக் கூடாது. இந்தப் பத்திரம் செல்லும் என்று பேர்பெற்ற ஒரு வெளி வழக்கறிஞர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தக் காலத்தின் பெரிய பெயர் ஜான் டில்லன். அயோவாவில் நீதிபதியாக இருந்தவர். 1872இல் நகராட்சிச் சட்டம் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது. மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரம் மட்டுமே நகரத்துக்கு உண்டு, சந்தேகம் வந்தால் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்ற அவருடைய கொள்கை இன்றும் பல மாநிலங்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. நகரங்களை நம்பாத மனிதர் என்றுகூட அவரைச் சொல்லலாம். அத்தகையவர்கள் சரி என்று சொன்னால்தான் சந்தையில் பத்திரத்துக்கு மதிப்பு. அன்றைய வெளி வழக்கறிஞர் நகரத்துக்காகச் சண்டை போட வந்தவரல்லர். நகரம் அளவு மீறவில்லை என்று அந்நியருக்குச் சான்று சொல்ல வந்தவர். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பிற்பாடு நடந்ததெல்லாம் நன்றாக விளங்கும்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு வருவோம். 1850இல் அது நகரமானபோது மக்கள் 1,610 பேர். 1900இல் ஒரு லட்சம், 1910இல் மூன்று லட்சத்துக்கு மேல். அவ்வளவு பேருக்கு அந்த ஊர் ஆற்றில் தண்ணீர் இல்லை. 233 மைல் தொலைவிலிருந்து ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரைக் கால்வாயில் கொண்டுவரும் திட்டத்துக்காக 1905இல் 15 லட்சம் டாலருக்கும், 1907இல் 2 கோடியே 30 லட்சம் டாலருக்கும் கடன் பத்திரம் வெளியிட மக்கள் வாக்களித்தார்கள். கால்வாயைக் கட்டிய வில்லியம் மல்ஹாலந்தின் பெயரை உலகம் அறியும். கூடவே இருந்த வில்லியம் மாத்யூஸ் பெயரை அந்த ஊரிலேயே பலர் அறியமாட்டார்கள். 1906 வரை நகர வழக்கறிஞராக இருந்த மாத்யூஸ், பதவி முடிந்ததும் கால்வாய்த் திட்டத்தின் சட்ட வேலைக்கென்றே அமர்த்தப்பட்டார். நில உரிமை, நீர் உரிமை, வாஷிங்டனில் வாதாட்டம், நியூயார்க் வங்கிக்காரர்களிடம் பேச்சு எல்லாம் அவர் தலையில் விழுந்தன. 1910இல் பத்திர விற்பனை தடைபட்டுக் கால்வாயில் வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோதும், நியூயார்க் போய் மறுபடி பணம் புரளவைத்தவர்களில் அவர் ஒருவர். 1913 நவம்பரில் தண்ணீர் வந்தது. 1920களில் கொலராடோ ஆற்று அணைக்கான சட்டத்துக்காகவும் உழைத்தார். 1931இல் இறக்கும்வரை அவர் வேலை தண்ணீர்தான்.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் விவசாயிகள் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்வார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. அந்தச் சண்டையை இங்கே எடுக்கவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு தனித்துறை வேலைக்காக அமர்த்தப்பட்ட மாத்யூஸ் அந்த நகரத்தின் ஆளாகவே இருந்தார். அடுத்த மாதம் எதிர்த்தரப்புக்கு வாதாடப் போகும் நிறுவனத்தின் கூட்டாளி அல்லர். அவர் கற்ற தண்ணீர்ச் சட்டம் முழுவதும் அந்த ஊரிலேயே தங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேறொரு வகை வந்தது. 1954இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே லேக்வுட் என்ற புதுக் குடியிருப்பு தனி நகரமானது. காவல், சாலை, தீயணைப்பு எதற்கும் சொந்தத் துறை வைக்காமல் எல்லாவற்றையும் மாவட்ட நிர்வாகமான கவுன்டியிடம் ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டது. அதைப் பார்த்துப் பல ஊர்கள் நகரங்களாயின. முழுநேர நகர வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வசதியில்லாத சிற்றூர்கள், ஒரு தனியார் சட்ட நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு அதிலிருந்து ஒருவரை நகர வழக்கறிஞர் என்று உட்காரவைத்தன. கலிஃபோர்னியாவின் 480க்கும் மேற்பட்ட நகரங்களில் பெரும்பாலானவற்றில் இன்று இதுதான் முறை. மக்கள் வாக்குப் போட்டு நகர வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் நகரங்கள் பத்துச் சொச்சம்தான். லாஸ் ஏஞ்சலிஸ் அவற்றில் ஒன்று.

சிற்றூருக்கு இது மலிவு, வசதி. ஒரே வழக்கறிஞர் நான்கைந்து ஊருக்குப் பார்ப்பதால் அவருக்கு அனுபவமும் கூடும். இதன் பலவீனம் 2010இல் பெல் என்ற ஊரில் வெளியே வந்தது. 40,000 பேர்கூட இல்லாத ஏழை ஊர். அதன் நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். பகுதிநேர மன்ற உறுப்பினர்கள் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் எடுத்தார்கள். 2005இல் 400க்கும் குறைவானோர் வாக்களித்த ஒரு சிறப்புத் தேர்தலில் நகர சாசனத்தை மாற்றி, சம்பள வரம்பிலிருந்து தப்பும் வழியைத் திறந்திருந்தார்கள். அந்த ஊருக்கும் வெளி நிறுவனத்து வழக்கறிஞர்தான். தன்னை வேலையில் வைத்திருக்கும் மன்றத்தைப் பார்த்து "இது தவறு" என்று சொல்ல அவருக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கும் என்பதை ஊரே யோசிக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு சொல்லிவிட்டு, வெளி வழக்கறிஞர் வேண்டவே வேண்டாம் என்று நான் முடித்தால் அது நேர்மையாகாது. ஈயம் கலந்த சுவர்ப் பூச்சு வழக்கைப் பாருங்கள். பழைய வீடுகளின் சுவரிலிருந்து உதிரும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. 2000இல் சான்டா கிளாரா கவுன்டி பெயிண்ட் நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுத்தது. பிற்பாடு ஓக்லாந்து, சான் டியேகோ, சான் ஃபிரான்சிஸ்கோ உட்பட மொத்தம் பத்து நகர, கவுன்டி நிர்வாகங்கள் அதில் நின்றன. எதிரே ஷெர்வின் வில்லியம்ஸ், கொனாக்ரா, என்.எல். இண்டஸ்ட்ரீஸ் என்ற பண பலம். வென்றால் கட்டணம், தோற்றால் ஒன்றுமில்லை என்ற பேச்சில் வெளி வழக்கறிஞர்கள் வந்தார்கள். கிளான்சி தீர்ப்பைக் காட்டி இது கூடாது என்று நிறுவனங்கள் எதிர்த்தன. 2010இல் அதே உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைச் சற்றுத் தளர்த்தியது. கட்டணம் வெற்றியைப் பொறுத்து இருக்கலாம், ஆனால் வழக்கின் கடிவாளம் அரசு வழக்கறிஞர் கையில் இருக்க வேண்டும், சமரசத்துக்கு ஒப்புக்கொள்வதா என்ற முடிவு அவருடையதாகவே இருக்க வேண்டும், எதிர்த்தரப்பு அவரிடம் நேரடியாகப் பேசவும் வழி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2019இல் 30 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பத்தொன்பது ஆண்டுகள்! எந்த நகரமன்றத்தின் ஆண்டு பட்ஜெட்டும் அவ்வளவு காலம் ஒரே வழக்குக்குப் பொறுமையாகப் பணம் ஒதுக்கியிருக்காது. அந்தக் குழந்தைகளுக்காகச் சம்பளமில்லாமல் காத்திருந்த வழக்கறிஞர்களின் பங்கை மறுக்க முடியாது.

கடிவாளம் நகரத்தின் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதையும் லாஸ் ஏஞ்சலிஸே அனுபவித்தது. 2013 செப்டம்பரில் நகரத்தின் நீர் மின்சாரத் துறை புதிய பில் மென்பொருளைக் கொண்டுவந்தது. மக்களுக்குத் தாறுமாறாகப் பில் வந்தது. மென்பொருளை அமைத்த பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனத்தின்மேல் 2015இல் நகரம் வழக்குத் தொடுத்தது. அதற்குச் சிறப்பு வழக்கறிஞர் நியூயார்க்கைச் சேர்ந்த பால் பாரடிஸ். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் ஒருவருக்கும் அதே பாரடிஸ் வழக்கறிஞராக இருந்தார். அந்த வாடிக்கையாளர் நகரத்தின்மேல் வழக்குப் போடுவதற்கு ஒஹாயோவிலிருந்து தனக்கு வேண்டிய வழக்கறிஞரையும் அவரே பிடித்துக் கொடுத்தார். வழக்கின் இரண்டு பக்கமும் ஒரே கை. சமரசம் முடிந்து கோடிக்கணக்கில் கட்டணம் வாங்கிய ஒஹாயோ வழக்கறிஞரிடமிருந்து பாரடிஸுக்கு ஏறக்குறைய 22 லட்சம் டாலர் போய்ச் சேர்ந்தது. இதற்கு மேல், பில் மென்பொருளைச் சரிசெய்ய என்று அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு, டெண்டர் இல்லாமலே 3 கோடி டாலர் ஒப்பந்தத்தைத் துறை கொடுத்தது.

2019 ஜூலையில் எஃப்.பி.ஐ. நகர வழக்கறிஞர் அலுவலகத்திலும் நீர் மின்சாரத் துறையிலும் சோதனை போட்டது. துறையின் முன்னாள் தலைமை மேலாளருக்கு ஆறு ஆண்டு சிறை. பாரடிஸுக்கு 33 மாதம். நகர வழக்கறிஞர் அலுவலகத்தில் சிவில் வழக்குகளைக் கவனித்த மூத்த அதிகாரி ஒருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆவணங்களை வெளியிடாமல் மறைத்ததற்காக நகரத்துக்கு 25 லட்சம் டாலர் அபராதம் விதித்தது விசாரணை நீதிமன்றம். அப்படி அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலில் தப்புப் பில் வந்ததும் குடிமக்களுக்கு, கடைசியில் இந்த எல்லாச் செலவையும் சுமந்ததும் அவர்களே. எனக்கு மனம் ஆறவில்லை. மாத்யூஸ் கால்வாய்க்காக நியூயார்க் வாசலில் நின்ற அதே தண்ணீர்த் துறையில் இது நடந்தது.

இனி 2025. வீடற்றோருக்கு நகரம் இடம் தரவில்லை என்று எல்.ஏ. அலையன்ஸ் என்ற அமைப்பு 2020 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 2022இல் சமரசமானது. 2027 ஜூனுக்குள் 12,915 படுக்கைகள் ஏற்படுத்துவதாக நகரம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டபடி செய்யவில்லை என்ற புகாரின்மேல் நீதிபதி டேவிட் கார்ட்டர் 2025 மே இறுதியில் விசாரணை வைத்தார். வீடற்றோர் திட்டங்கள் முழுவதையும் நகரத்தின் கையிலிருந்து எடுத்து, நீதிமன்றம் நியமிக்கும் ஒரு ரிசீவரிடம் கொடுத்துவிடலாமா என்பதே கேள்வி. விசாரணைக்கு ஒரு வாரம்போல இருந்தபோது கிப்சன் டன் வந்தது. வீடற்றோர் பொது இடத்தில் தூங்குவதைத் தடை செய்யலாம் என்ற கிரான்ட்ஸ் பாஸ் வழக்கை 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்ற நிறுவனம் அது.

மன்றம் அனுமதித்த தொகை 9 லட்சம் டாலர், மூன்று ஆண்டு வரைக்குமான ஒப்பந்தத்துக்கு. இரண்டே வாரத்தில் வந்த பில் 18 லட்சம். அந்த ஆண்டு நகர பட்ஜெட்டில் ஏறத்தாழ 100 கோடி டாலர் பற்றாக்குறை. 1,600க்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையிலிருந்து எடுக்கலாமா என்று மேயர் அலுவலகம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சமயம். மன்ற உறுப்பினர்கள் சிலர் கொதித்ததில் வியப்பில்லை. ஆனால் பிறகு அதே மன்றம் வரம்பை ஏறக்குறைய 50 லட்சம் டாலராக உயர்த்தியது. பாதி வழக்கில் வக்கீலை மாற்ற முடியாத இடத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

நகர வழக்கறிஞர் தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். ஜூன் 24 தீர்ப்பில் நீதிபதி, நகரம் ஒப்பந்தத்தை மீறியது என்று கண்டாலும் ரிசீவரை நியமிக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் கையிலேயே அதிகாரம் நின்றது. அதற்கு விலை மதிப்பிட முடியாது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் சம்பளம் வாங்கும் ஒரு நகர அலுவலகம், ஐந்து ஆண்டாக ஓடிக்கொண்டிருந்த வழக்கில் விசாரணைக்கு முந்தின வாரம்வரை வந்து, பிறகு வெளியே ஓடியது ஏன்? வழக்கு அத்தனை பெரிதென்றால் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மன்றத்திடம் 9 லட்சம் என்று சொல்லும்போது, பதினைந்து பேர், இத்தனை மணி நேரம், இத்தனை நாள் என்று பெருக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லையா? வீடு கட்ட மேஸ்திரியை அழைக்கிற எவரும் எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

பழைய காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ரயில் பத்திரக் காலத்தில் நகரங்கள் கடன்காரரை ஏமாற்றப் பார்த்தன, கொரோனா நகரம் ஒரு கடைக்காரரை விரட்ட வக்கீலுக்கு வெற்றிக் கூலி வைத்தது. மாறியது வேறு. அன்று வெளி வழக்கறிஞர் அளவு காட்ட வந்தார், அல்லது ஒரு துறையை ஊருக்காகக் கற்று அங்கேயே இருந்தார். இன்று பெரும்பாலும் கழுத்தில் கத்தி விழப்போகும் நேரத்தில் வருகிறார். பயந்திருக்கும் மன்றத்தால் விலை பேச முடியாது. அவர் போகும்போது வழக்கின் அறிவும் அவரோடு போய்விடுகிறது. அடுத்த வழக்குக்கு மறுபடி அவரிடமே போக வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் வழக்கறிஞர்கள் ஆண்டுக்காண்டு பெரிய வழக்குகளை நடத்தும் பழக்கத்தையே இழக்கிறார்கள். என் பார்வையில் 1,295 டாலரைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

இதைக் கண்காணிக்கக் குடிமக்களுக்கு என்ன வழி? 2016 டிசம்பரில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தந்த ஒரு தீர்ப்பை ஒவ்வொரு நகரவாசியும் தெரிந்துகொள்ள வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி சிறைகளில் கைதிகள் தாக்கப்பட்டது தொடர்பான வழக்குகளில் வெளி வழக்கறிஞர்களுக்குக் கொடுத்த பில்களைக் காட்டச் சொல்லி, குடிமை உரிமைகளுக்காக வாதாடும் ஏ.சி.எல்.யு. அமைப்பு கேட்டிருந்தது. பில் முழுவதும் எக்காலத்துக்கும் ரகசியம் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்வரை எவ்வளவு செலவாகிறது என்பதுகூட ரகசியமாக இருக்கலாம் என்றது. எதிர்த்தரப்பு பில்லைப் பார்த்து நகரத்தின் திட்டத்தை ஊகித்துவிடும் என்பது காரணம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். விளைவு என்னவென்றால், பணம் ஓடிக்கொண்டிருக்கும்போது மக்களுக்குக் கணக்குக் கிடைப்பதற்கு உத்தரவாதம் இல்லை. கணக்கு வரும்போது வழக்கு முடிந்திருக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய நாள் ஒன்றே ஒன்றுதான். அது மன்றம் ஒப்பந்தத்துக்கு வாக்களிக்கும் நாள். லாஸ் ஏஞ்சலிஸின் சாசனப்படி வெளி வழக்கறிஞரை அமர்த்த நகர வழக்கறிஞரின் பரிந்துரையும் மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். 1953இல் வந்த பிரவுன் சட்டத்தின்படி, மாநிலத்தின் எல்லா நகரமன்றங்களும் நிகழ்ச்சி நிரலைக் கூட்டத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். வழக்கு விவாதம் மூடிய அமர்வில் நடந்தாலும், அதற்கு முன் பொதுமக்கள் பேச நேரம் தர வேண்டும். ஃப்ரீமான்ட், சன்னிவேல், இர்வைன் என்று தமிழர்கள் வாழும் கலிஃபோர்னிய நகரங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் ஊர் நிகழ்ச்சி நிரலில் விவாதமில்லாமல் ஒரே வாக்கில் நிறைவேறும் பட்டியல் ஒன்று இருக்கும். சட்ட நிறுவன ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். உச்சவரம்பு எவ்வளவு, அது தாண்டும் முன் மன்றத்துக்கு யார் சொல்ல வேண்டும், எத்தனை வழக்கறிஞர்கள், நகரத்துக்குள் இந்த வழக்கை யார் மேற்பார்வை பார்க்கிறார் என்ற நான்கு கேள்விகளை மைக்கில் கேளுங்கள். உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள், இந்த நான்குக்கும் அது போதும்.